கார்க் நகரில் பப் தேடிய கதை

71 வயதில் முதல் தடவையாக பப்புக்குள் கால் வைத்தேன். அதுவும் ஒரே வாரத்தில் நான்கு பப். ஊரில் டாஸ்மாக் இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போகிற ஆசாமி நான். தபால் ஆபீசில் 36 வருஷம் கூட வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் நம்பமாட்டார்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2024 மே மாதம். அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கும் என் பெண்ணோடு மூன்று மாதம் தங்க நானும் என் மனைவியும் போயிருந்தோம். 2022-லும் போயிருந்ததால் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏற்கெனவே பழக்கம். வயது 84. மனைவி காலமாகிவிட்டார். ஒரே பையன் ஆஸ்திரேலியாவில், சிட்னியில். முழங்கால் இரண்டும் போய்விட்டது, கைத்தடியோடுதான் நடை. தினமும் காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள குட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு பேசுவோம். கார்க்காரர்கள் எதிரில் இருப்பவருக்கு எத்தனை வயதானாலும் பேச்சின் முடிவில் ஒரு 'பாய்' போடுவார்கள். முதல் நாள் அவர் என்னைப் 'பாய்' என்றதும், நம் ஊரில் பிரியாணிக் கடைக்காரரைத்தானே இப்படிக் கூப்பிடுவோம் என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து வேண்டுமென்றே இரண்டு தடவை 'பாய்' போட ஆரம்பித்தார்.

ஹர்லிங் என்ற விளையாட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகலமான மட்டை. டென்னிஸ் பந்து அளவில் தோல் பந்து, பெயர் ஸ்லிட்டர். ஹெச் எழுத்து மாதிரி கோல் கம்பம். குறுக்குக் கம்பிக்கு மேலே அடித்தால் ஒரு பாயின்ட், கீழே வலைக்குள் அடித்தால் கோல், அது மூன்று பாயின்ட்டுக்குச் சமம். கோல் எண்ணிக்கையையும் பாயின்ட் எண்ணிக்கையையும் தனித்தனியாகவே எழுதுவார்கள், கூட்டிக்கொள்வது நம் பாடு. மணியார்டர் கணக்குப் போட்டே வாழ்க்கையைக் கழித்த எனக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. வேகம்தான் பிடிபடவில்லை. பந்து எங்கே என்று நான் தேடி முடிப்பதற்குள் ஸ்கோர் மாறியிருக்கும். இதில் இன்னொன்று, ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலும் பாங்கிலும் பண்ணையிலும் வேலைக்குப் போகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை நாற்பதாயிரம் பேர் முன்னால் ஆடுகிறார்கள். அதைச் சொல்லும்போது பெரியவர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

கிறிஸ்டி ரிங் ஆடியதைச் சிறுவயதில் நேரில் பார்த்தவர் அவர். ரிங் என்றால் கார்க்கில் சாமி மாதிரி. லீ ஆற்றின் மேல் ஒரு பாலத்துக்கே அவர் பெயர். ஆனால் கார்க் அணி கடைசியாக அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கியது 2005-ல். லிமெரிக் அணியோ 2020-லிருந்து வரிசையாக நான்கு வருஷம் வாங்கிவிட்டு ஐந்தாவதற்குக் காத்திருந்தது. 2024-ல் கார்க் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றாகிவிட்டது. மே 11, சனிக்கிழமை இரவு 7 மணிக்கு, கார்க்கின் சொந்த மைதானமான பார்க் ஈ கீவில் லிமெரிக்கோடு மூன்றாவது ஆட்டம். இதிலும் தோற்றால் அந்த வருஷக் கதை அவ்வளவுதான்.

மைதானம் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஆனால் அவர் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஆகாது. டிவியிலும் வராது. ஜிஏஏ கோ என்று ஒன்று. கேலிக் விளையாட்டுச் சங்கமும் அரசு டிவியான ஆர்டிஇயும் 2014-ல் சேர்ந்து தொடங்கியது, வெளிநாட்டில் இருக்கும் ஐரிஷ்காரர்கள் இன்டர்நெட்டில் பணம் கட்டிப் பார்ப்பதற்காக. ஸ்கை சேனல் விலகிக்கொண்ட பிறகு, 2023-லிருந்து உள்ளூர் ஆட்டங்கள் சிலதையும் உள்ளூர்க்காரர்களுக்கே அதில் மட்டும்தான் காட்டினார்கள். ஊரே கொதித்தது. கார்க்காரரான துணைப் பிரதமர் மீஹால் மார்ட்டின்கூட பொதுவில் குறை சொன்னார். பெரியவர் வீட்டில் இன்டர்நெட் கிடையாது.

"எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பணம் கட்டிவிடுகிறேன், என் பெண் லேப்டாப்பில் பார்க்கலாம்" என்றேன்.

"ஸ்ட்ரீமில் ஒரே ஒரு தடவை பார்த்தது போதும், பாய். இனி வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்க மாட்டேன்" என்றார்.

அவர் என்னத்தைச் சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை. பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். பத்துப் பேர் நடுவில் பார்ப்பதென்றால் சரியாம், அதாவது பப். காட்டுகிற பப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். அவரால் நிறைய நடக்க முடியாது. ஆகவே மோப்பம் பிடிக்கிற வேலை என் தலையில்.

"இந்த வயசுல சாராயக் கடையா?" என்றாள் என் மனைவி. "அப்பா, இங்க பப்ல சூப் சாப்பிடப் பாட்டிகள்கூட வருவாங்க, சும்மா போயிட்டு வாங்க" என்றாள் பெண். பெண் சொன்னது சரிதான். நான் நுழைந்த முதல் பப்பில் இரண்டு பாட்டிகள் ஸ்கோன் ரொட்டியும் டீயும் வைத்துக்கொண்டு யாரையோ பற்றி வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். நம் காபி கிளப் வாசனை இல்லையே தவிர மற்றபடி அதேதான்.

அந்த பப்பில் பெரிய டிவி நான்கு இருந்தது. ஆனால் எல்லாம் சாட்டிலைட் பெட்டி, இங்கிலீஷ் ஃபுட்பாலுக்காக. "வீட்டுக்கு வாங்குகிற சந்தாவைக் கடையில் போடக் கூடாது. இதற்கென்று தனியாகக் காசு கட்ட நான் தயாராக இல்லை" என்றார் கவுண்டரில் இருந்தவர். இரண்டாவது பப்பில் நான் கேட்டதும் தலையை ஆட்டி ஆட்டிச் சரி என்றார்கள். போகட்டும் என்று, டிவி வைத்த மூலையில் நெட் வேகம் எப்படி என்று கேட்டேன் (பெண் சொல்லி அனுப்பிய கேள்வி). அதற்குத் தலை ஆடவில்லை.

மூன்றாவது இடத்தில் நெட்டும் இருந்தது, சந்தாவும் இருந்தது, மனசும் இருந்தது. ஆனால் அன்று இரவு 8 மணிக்கு யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று! அயர்லாந்து 2018-க்குப் பிறகு முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்குப் போயிருந்தது. பாடுகிற பாம்பி தக், கார்க்குக்குப் பக்கத்தில் உள்ள மக்ரூம் ஊர். தலையில் கொம்பு மாதிரி முடியும் முகத்தில் கறுப்பு மையுமாகப் போட்டோவைப் பார்த்து என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைக்காரப் பெண்மணி ஒரு மணி நேரம் ஆட்டம், பிறகு பாட்டு என்றார். ஹர்லிங் 70 நிமிஷம், நடுவில் இடைவேளை வேறு. கடைசி அரை மணி போய்விடும். வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான்காவது. ஏற்றத்தில், ஷாண்டன் மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு சந்தில், வீட்டுக் கூடம் அளவே உள்ள கடை. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு ஹர்லிங் தெரியுமா?" என்றார். எனக்கில்லை, 84 வயது நண்பருக்கு என்றேன். கடைப் பையனின் லேப்டாப்பை ஒயர் போட்டு டிவியில் மாட்டுவார்களாம். சத்தத்தோடு வைப்பீர்களா என்று கேட்டேன். "சத்தமில்லாமல் எதற்கு?" என்றார். சுவரோரம் சாய்வு உள்ள நாற்காலி ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அயர்லாந்து முழுக்க வானத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக வடதுருவ ஒளி தெரிந்ததாம். நான் தூங்கிப் போய்விட்டேன். இன்றும் அதற்காகப் பெண்ணிடம் திட்டு வாங்குகிறேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கே டாக்சி வைத்துப் போய்விட்டோம். சிவப்புச் சட்டைக் கூட்டம், நடுவில் இரண்டே இரண்டு பச்சைச் சட்டை. பெரியவர் மர்ஃபீஸ் வாங்கிக்கொண்டார். எனக்கு டனோரா என்ற ஆரஞ்சு நிறச் சோடா, கார்க்கின் சொந்தச் சரக்கு. நம் கோலி சோடா மாதிரி அதன் மேல் இவர்களுக்கு ஒரு பாசம். ஒருத்தர் வாங்கித் தந்தால் அடுத்த முறை நாம் வாங்கித் தரவேண்டும். அந்தக் கணக்கில் மூன்று டனோரா வயிற்றுக்குள் போய்விட்டது.

ஆட்டத்துக்கு அரை மணி இருக்கும்போதுதான் அவராகவே சொன்னார். 2021 ஜனவரியில் மனைவி போனபோது சர்ச்சுக்குள் பத்துப் பேருக்கு மேல் விடவில்லை. ஆஸ்திரேலியாவில் எல்லையை மூடியிருந்தார்கள். பையனால் வர முடியவில்லை. சர்ச்சில் ஒரு கேமரா வைத்து ஸ்ட்ரீம் செய்தார்களாம். அவன் சிட்னியில் உட்கார்ந்து அம்மாவின் சவ அடக்கப் பூசையைப் பார்த்தானாம். நாலு நாள் கழித்து அதே படத்தை இவருக்கு யாரோ ஒரு போனில் போட்டுக் காட்டினார்கள். அதில் பெட்டிக்குப் பக்கத்தில் தான் தனியாக உட்கார்ந்திருப்பதைத் தானே பார்த்தாராம். "அவன் வந்திருக்க வேண்டும். எப்படியாவது வந்திருக்க வேண்டும்" என்றார். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் பேச்சு, அதுவும் இரண்டு நிமிஷம்.

பொதுவாக நான் இன்னொருவர் வீட்டு விஷயத்தில் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன். 2021 மே மாதம், இரண்டாவது அலையில், சென்னையில் என் அண்ணா போனார். நான் 300 கிலோமீட்டர் தள்ளி ஊரில் இருந்தேன். அதே தேசம், அதே மாநிலம். ஊரடங்கு. போக முடியவில்லை. அண்ணா பையன் வாட்ஸாப்பில் வீடியோ போட்டான். சுடுகாட்டில் கவச உடை போட்ட இரண்டு பேர், ஒரு நீலப் பை. நடுவில் நெட் போய் வட்டம் சுற்றியது. அது திரும்ப வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "பார்த்துக்கொண்டிருந்தவன் நான். உங்கள் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தை இன்னும் ராத்திரியில் பார்க்கிறேன்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவ்வளவுதான் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் ஆரம்பித்தது. அதை நான் வர்ணித்தால் தப்புத் தப்பாகச் சொல்வேன். எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தது கடை. ஒரு விஷயம் மட்டும். ஸ்ட்ரீம் என்பது நேரடி ஒளிபரப்பு என்றாலும் சற்றுப் பின்தங்கித்தான் வரும். வாசலில் சிகரெட் பிடிக்கிற ஒருத்தர் ரேடியோவைக் காதில் வைத்திருந்தார். அவர் கத்தினால் அரை நிமிஷத்தில் நம் திரையில் ஒரு கோல். இரண்டு தடவை ஆனதும் கடைக்காரர் கதவைச் சாத்தி, ரேடியோவை வாங்கி மேஜை டிராயரில் போட்டார்.

கடைசிக் கட்டம். கார்க்குக்கு ஒரு பெனால்டி. 2008-லிருந்து ஆடும் பாட்ரிக் ஹோர்கன் பந்தின் எதிரில் வந்து நிற்கிறார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நானும் பார்த்துவிட்டேன், ஆஸ்திரேலிய நம்பர். பையனுக்கு அங்கே விடியற்காலை. அவன் ஸ்ட்ரீம் எங்களுடையதைவிட முன்னால் ஓடுகிறது போலும். போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. ஹோர்கன் அடித்தார். கோல்! என் தோளை அவர் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி. கார்க் 3-28, லிமெரிக் 3-25. கூட்டினால் 37-க்கு 34. மைதானத்துக்குள் சனம் இறங்கிவிட்டது.

வெளியே வந்தால் எட்டரை மணி தாண்டியும் நல்ல வெளிச்சம். டாக்சி கிடைக்கவில்லை. சர்ச் மதிலோரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார். நான் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். இருபது நிமிஷம் பேசினார். காதில் விழுந்தவரை எல்லாம் ஹோர்கன், லிமெரிக் பின்வரிசை, நடுவர் விசில். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஒரு இடத்தில் வெகுநேரம் இரண்டு பக்கமும் மௌனம். நெட் போய்விட்டதோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தாள். ஆரஞ்சு வாசனைதான் வந்தது என்று ஒத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கார்க் இறுதி ஆட்டம் வரை போய், ஜூலை 21-ல் கூடுதல் நேரத்தில் கிளேர் அணியிடம் ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றது. அதற்கு முன்பே, அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம், பெரியவர் சுவரோரம் வந்து என் பெண்ணைக் கூப்பிட்டு, வீட்டில் இன்டர்நெட் போடுவதற்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். வந்த பையன் சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும்போது, "இதில் சிட்னி தெளிவாகத் தெரியுமா, பாய்?" என்று அவனை இரண்டு தடவை கேட்டார்.