ஒப்புக்குச் சப்பாணியும் ஒரு ஓவரும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் வெட்கமான விஷயம், அதான். முந்தாநாள் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு காலைல வர்றப்போ மெயின் பஜார் டீக்கடையில ஒரு பேப்பர் பார்த்தேன். இந்த வருஷ டென்னிஸ் பால் டோர்னமெண்டுக்குப் பேர் கொடுத்தவங்க பட்டியல். அதுல ஒரு பேர் இல்லை. டீ ஆறிப்போச்சு.

முதல்ல கொசுவத்தி கொஞ்சம் சுத்திக்கறேன்.

எண்பதுகளோட கடைசி. நெய்வேலி டவுன்ஷிப்ல எங்க தெரு. வரிசையா குவார்ட்டர்ஸ், வீட்டுக்கு வீடு பலாமரம், முருங்கை மரம். சாயங்காலம் ஆச்சுன்னா பதினஞ்சு இருபது பசங்க கூடிடுவோம். ரெண்டு பெரிய அண்ணன்கள் கேப்டன். ஆளுக்கு ஒருத்தரா மாத்தி மாத்திக் கூப்பிடுவாங்க. முதல்ல நல்லா அடிக்கறவன், அப்புறம் வேகமாப் போடறவன், அப்புறம் பேட் சொந்தமா வச்சிருக்கறவன் (இவன் இல்லேன்னா ஆட்டமே இல்லையே!). கடைசில நானும் இன்னொரு வாண்டும் நிப்போம். "சரி, இவன நீ வச்சுக்கோ"ன்னு ஒருத்தர் சொல்லுவார். ஒப்புக்குச் சப்பாணி. பேட்டிங் வராது, பவுலிங் கிடையாது, பந்து சாக்கடையில விழுந்தா மட்டும் நம்ம பேர் ஞாபகம் வரும்.

இதைப் பார்த்துட்டு எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் சத்தம் போட்டாங்க. "ஏண்டா, சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி பிடிக்கறீங்க? உத்தி பிரிங்கடா." உத்தி பிரிக்கறது தெரியாதவங்களுக்காக: ஏறக்குறைய சமமா ஆடற ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேரணும். தள்ளிப்போய் ரகசியமா ஆளுக்கொரு பேர் வச்சுக்கிட்டு தோள்ல கை போட்டுக்கிட்டு வரணும். "மாங்கா வேணுமா, தேங்கா வேணுமா?" கேப்டன் ஒண்ணைச் சொல்லுவார், அந்த ஆள் அவர் பக்கம். யார் மாங்கா, யார் தேங்கான்னு அவருக்குத் தெரியாது. நானும் அந்த வாண்டும் கடைசி ஜோடியாத்தான் போவோம், ஆனா எங்களையும் "வேணுமா"ன்னு கேட்டாங்க பாருங்க, அது போதும். அன்னிக்குத்தான் எனக்கு முதல்முறையா பேட்டிங் கிடைச்சது. எத்தனை ரன்னு கேக்காதீங்க. :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன வருஷம் டோர்னமெண்டை ஐ.பி.எல். மாதிரி ஏலம் விட்டு நடத்தினோம். ஆறு டீம், ஒவ்வொரு கேப்டனுக்கும் ஆயிரம் பாயிண்ட். வயசுக்கு மரியாதை கொடுத்து (எனக்கு நாப்பத்தாறு) என்னையும் ஒரு கேப்டனாக்கினாங்க. அதுக்கு முந்தின வருஷம் கலக்கின ஒரு இடதுகை வேகப்பந்து வீச்சாளர் பேர் வந்ததும் எனக்கும் இன்னொருத்தருக்கும் போட்டி. விட்டுக்கொடுக்க மனசில்லாம 450 பாயிண்டுக்கு எடுத்தேன். கைதட்டலாம் வந்துச்சு. கடைசில யாரும் கேக்காம மிச்சமிருந்த பேர்களை சீட்டு எழுதிக் குலுக்கி ஆளுக்கொண்ணா எடுத்தோம். என் சீட்டுல வந்தது பாலிடெக்னிக் படிக்கற ஒரு பையன். ஜீரோ பாயிண்ட்.

எட்டு ஓவர் ஆட்டம், ஒருத்தருக்கு அதிகபட்சம் ரெண்டு ஓவர். முதல் மேட்ச் ஆரம்பிச்சப்போ 450 பாயிண்ட்காரர் ஷிப்ட் முடிஞ்சு வந்து சேரலை. வேற வழியில்லாம அந்தப் பையன்கிட்ட ஒரு ஓவர் கொடுத்தேன். அஞ்சு ரன், ஒரு விக்கெட். "சூப்பர்டா தம்பி"ன்னு தட்டிக்கொடுத்தேன். அதுக்குள்ள நம்மாளு வந்துட்டார், பந்தை அவர்கிட்ட கொடுத்துட்டேன். ரெண்டு ஓவர், 31 ரன். அடுத்த மேட்ச்ல 28. அதுக்கடுத்ததுல 26. பையன் ஃபைன் லெக்ல நின்னுக்கிட்டிருந்தான். ஓவர் முடியறப்போ எல்லாம் என்னைப் பார்ப்பான். நான் வேற பக்கம் பார்ப்பேன். 450 பாயிண்ட் கொடுத்து எடுத்த ஆளுக்குப் பந்து கொடுக்காம இருக்க முடியுமா?

கடைசி லீக் மேட்ச். ஜெயிச்சா செமி ஃபைனல். எதிரணிக்குக் கடைசி ஓவர்ல 14 வேணும். யார்கிட்ட கொடுத்திருப்பேன்னு உங்களுக்கே தெரியும். நாலு பந்துல முடிஞ்சு போச்சு.

கிட் பேக் கட்டிக்கிட்டிருக்கறப்போ பையன் வந்து கேட்டான். "அண்ணே, நான் ஜீரோ பாயிண்ட்ங்கறதாலயாண்ணே?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லடா" என்றேன். பச்சைப் பொய்.

இது என் ஒருத்தன் முட்டாள்தனம்தானா, இல்லை உலகம் முழுக்க இப்படித்தானான்னு அதுக்கப்புறம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். போய் நின்ன இடம் அமெரிக்க ஃபுட்பால். (நம்ம கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டிக்கறது.) அங்க என்.எஃப்.எல்.னு பெரிய லீக். 32 டீம். வருஷா வருஷம் காலேஜ்ல இருந்து வர்ற பசங்களை டிராஃப்ட்னு ஒண்ணு வச்சு எடுக்கறாங்க. போன சீசன்ல கடைசியா வந்த டீமுக்கு முதல் வாய்ப்பு. ஏழு சுத்து, மொத்தம் 250 பேருக்கு மேல. எங்க தெரு அண்ணன்கள் பண்ணின அதே வேலைதான், கோடிக்கணக்கான டாலர்ல.

2007ல முதல் ஆளா எடுக்கப்பட்டவர் ஜமார்கஸ் ரஸ்ஸல். 2010ல அவரை டீம் அனுப்பிடுச்சு, அப்புறம் அந்த லீக்ல அவர் ஆடவே இல்லை. 2000ல 199வது ஆளா எடுக்கப்பட்டவர் டாம் பிரேடி. ஏழு சூப்பர் பவுல் ஜெயிச்சார், வேற எந்த வீரரும் அத்தனை ஜெயிச்சதில்லை. அதுக்காக முதல்ல எடுக்கறவங்க எல்லாம் சொத்தைன்னு சொல்ல முடியாது. 1998ல முதல் ஆளா வந்த பெய்டன் மேனிங் பெரிய ஜாம்பவான். மொத்தமாப் பார்த்தா முன்னாடி எடுக்கப்பட்டவங்க கொஞ்சம் மேலதான். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவுங்கறதுதான் கேள்வி. கேட் மாஸி, ரிச்சர்ட் தாலர்னு ரெண்டு பேராசிரியர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க (தாலர் 2017ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவர்). ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட ரெண்டு பேர்ல, முன்னாடி எடுக்கப்பட்டவர் மேலா அமையற வாய்ப்பு நூத்துக்கு சுமார் 52தான். காசு சுண்டினா 50. மாங்காவா தேங்காவா கதைதான்!

நம்ம ஊர்லயும் டிராஃப்ட் நடந்திருக்கு. 2008ல ஐ.பி.எல். ஆரம்பிச்சப்போ, அண்டர் 19 உலகக்கோப்பை ஜெயிச்ச பசங்களை ஏலம் விடலை, டிராஃப்ட் வச்சுத்தான் பிரிச்சாங்க. முதல் வாய்ப்பு டெல்லிக்கு. சேவாக், காம்பீர்னு பேட்ஸ்மேன்கள் இருக்காங்க, பவுலர்தான் வேணும்னு பிரதீப் சங்வானை எடுத்தாங்க. அதே டெல்லிப் பையன் விராட் கோலி பெங்களூருக்குப் போனார். டெல்லியைக் கிண்டல் பண்றது சுலபம். ஆனா கோலி முதல் சீசன்ல எடுத்தது மொத்தமே 165 ரன். பெங்களூர் அவரைத் தொடர்ந்து ஆட வச்சாங்க, அதுதான் விஷயம். அதே டீம்ல இருந்து ஐ.பி.எல்.ல 8000 ரன்னைத் தாண்டி, 2025ல கோப்பையும் வாங்கிட்டார்.

நம்ம சேலத்து நடராஜன்? 2017ல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்துச்சு. ஆறு ஆட்டம், ரெண்டு விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்துச்சு. விலை விழுந்தது, பந்து விழலை. 2020 சீசன்ல 16 விக்கெட் எடுத்து, அந்த வருஷ ஆஸ்திரேலியா பயணத்துலயே மூணு வகை ஆட்டத்துலயும் இந்தியாவுக்கு ஆடிட்டார். வருண் சக்கரவர்த்தி 2019 சீசனுக்கு 8.4 கோடி. ஆடினது ஒரே ஆட்டம், முதல் ஓவர்லயே 25 ரன். அப்புறம் 4 கோடிக்கு கொல்கத்தா போய் 2024ல கோப்பை ஜெயிச்ச டீம்ல 21 விக்கெட். சாய் சுதர்சனை குஜராத் எடுத்தது 20 லட்சத்துக்கு. 2023 டி.என்.பி.எல். ஏலத்துல கோவை அணி கொடுத்த விலை 21.6 லட்சம், ஐ.பி.எல். சம்பளத்தை விட ஜாஸ்தி! 2025ல 759 ரன் எடுத்து ஐ.பி.எல்.லயே முதல் இடம்.

இதெல்லாம் நாலு பேர் டீக்கடையில பேசறதுதான். என்னை உலுக்கினது வேற ஒண்ணு. அமெரிக்க கூடைப்பந்து லீக்கை வச்சு ஸ்டா, ஹோவாங்னு ரெண்டு பேர் 1995ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. டிராஃப்ட்ல முன்னாடி எடுக்கப்பட்டவங்களுக்குக் களத்துல அதிக நேரம் கிடைக்குது, அதிக வருஷம் லீக்ல வச்சிருக்காங்க. நல்லா ஆடறதாலயா? இல்லை. ஆட்டத்துல என்ன பண்ணாங்கங்கறதைக் கணக்குல எடுத்துக் கழிச்ச பிறகும் அப்படித்தான் இருக்கு. ஏன்னா அவங்க மேல செலவு பண்ணியாச்சு.

இதைப் படிச்சதும் எனக்கு ஃபைன் லெக்ல நின்ன முகம்தான் ஞாபகம் வந்துச்சு.

பிரேடிக்கு எப்படி வாய்ப்பு வந்துச்சு தெரியுமா? 2001ல டிரூ பிளெட்ஸோவுக்கு அடிபட்டதால. அவர் 1993 டிராஃப்ட்ல முதல் ஆள். 2022ல 262 பேர்ல கடைசி ஆளா வந்தவர் பிராக் பர்டி. கடைசி ஆளுக்கு அங்க 'மிஸ்டர் இர்ரெலவன்ட்'னே பட்டப்பேர், நம்ம ஒப்புக்குச் சப்பாணிதான். அவருக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேருக்கும் அடிபட்ட பிறகுதான் அவர் கைக்குப் பந்து வந்துச்சு. அடுத்த சீசன்ல டீமை சூப்பர் பவுல் வரைக்கும் கூட்டிட்டுப் போனார். முன்னாடி இருக்கறவருக்கு அடிபட்டாத்தான் கடைசி ஆள் எப்படிப்பட்டவன்னே தெரியுது. அடிபடாத டீம்ல எத்தனை பேர் அப்படியே போயிருப்பாங்க? நம்ம பையனுக்கும் ஒரு ஓவர் கிடைச்சது, ஒருத்தர் ஷிப்ட் முடிஞ்சு லேட்டா வந்ததாலதான்.

விலையைப் பார்த்து வாய்ப்பு கொடுத்தா, விலை எப்பவும் சரியாத்தான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு 450 பாயிண்ட் ஆச்சு.

இத்தனைக்கும் நெய்வேலிக்காரனுக்கு இது தெரிஞ்சிருக்கணும். நம்ம முதல் சுரங்கத்தை 1957ல நேரு தொடங்கி வச்சார். பழுப்பு நிலக்கரி முதல்ல கண்ணுக்குத் தெரிஞ்சது 1961ல. நாலு வருஷமா வெறும் மேல்மண்ணை வெட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. முதல் மாசமே "மண்ணுதான் வருது"ன்னு மூடியிருந்தா இன்னிக்கு இந்த டவுன்ஷிப்பும் இல்லை, நானும் இல்லை.

பட்டியல்ல இல்லாத பேர் யாருதுன்னு நான் தனியா சொல்ல வேண்டியதில்லை. நேத்து சாயங்காலம் அவன் வீட்டைத் தேடிப் போனேன். வாசல்ல சைக்கிள் செயின் மாட்டிக்கிட்டிருந்தான். "வாங்கண்ணே"ன்னான். மரியாதையில குறையில்லை. நான் சுத்தி வளைக்காம சொல்லிட்டேன்: "தம்பி, அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். ஜீரோ பாயிண்ட்ங்கறதாலதான் கொடுக்கல. தப்பு என் மேலதான்."

கொஞ்ச நேரம் செயினையே பார்த்துக்கிட்டிருந்தான். "தெரியும்ணே"ன்னான்.

அதுக்கு என்ன பதில் சொல்றது?

இன்னிக்குக் காலைல கேப்டன்கள் கூட்டத்துல ஏலம் வேணாம், உத்தி பிரிக்கலாம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சரி, ஏலம் இருக்கட்டும், ஆனா லீக் மேட்ச்ல பந்து போடத் தெரிஞ்ச ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஓவராவது கொடுத்தாகணும்னு விதி வைங்கன்னேன். ஒரு மணி நேரம் சண்டை. கடைசில முதல் ரெண்டு மேட்சுக்கு மட்டும்னு ஒத்துக்கிட்டாங்க.

பேர் கொடுக்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. பையனுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

"பாக்கலாம்ணே" என்றான்.