ஒட்டு

ஒட்டுப் போடுவது என்றால் நம்மில் பலருக்கும் சற்று இளக்காரம்தான். நாகைக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், பைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிற பெரியவர் ஒருவரோடு ஒரு பகல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த இளக்காரம் இல்லை.

2004 சுனாமிக்குப் பின் அந்தக் கரையில் கட்டுமரம் அருகி, பைபர் படகு பெருகிவிட்டது. நான் போனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. சிறு படகுகளுக்கு இல்லை. அந்த நாட்களில் அவர்கள் கொண்டு வரும் மீனுக்கு நல்ல கிராக்கி. அப்போது பார்த்து ஒரு படகு தூண்டில் வளைவுக் கல்லில் மோதி, அணியத்தின் ஓரமாக ஒரு சாண் விரிசலோடு கரையில் கிடந்தது.

"அண்ணே, மேலாப்ல பூசி விட்டுடுங்க. ராத்திரி போவணும்" என்றான் படகுக்காரன்.

"பூசிடலாம் தம்பி. நடுக்கடல்ல உரிஞ்சு வந்தா யாரைக் கூப்பிடுவே?"

பெரியவர் விரிசலைத் தொடவே இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சுற்றியிருந்த நல்ல இடத்தைத்தான் தேய்த்துக்கொண்டே இருந்தார். கால் அங்குல கனத்துக்கு மூன்று அங்குலம் சரிவாகத் தேய்க்க வேண்டுமாம். படகுக்காரன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாண் அளவுக் காயம் முழத்துக்கு வளர்ந்தால் யாருக்குத்தான் பதறாது? ஆனால் இறுகிப்போன பழைய பரப்போடு புதுப் பிசின் கலந்துவிடுவதில்லை. சொரசொரப்பைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. பற்றுவதற்கு இடம் வேண்டாமா?

படகு கட்ட மலிவான பாலியெஸ்டர் போதும், ஒட்டுக்கு எபாக்ஸிதான் என்பது அவர் கட்சி. பழைய பரப்பை அது அழுத்தமாகப் பிடிக்கும். ரெசினையும் ஹார்டனரையும் அளந்து கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றினார். குவளையிலேயே விட்டால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். நெய்த கண்ணாடித் துணியை வைத்துப் பிசினைத் தடவினார். வெள்ளைத் துணி கண்ணெதிரே மறைந்துபோயிற்று! வெளுப்பாக நின்ற இடங்களில் காற்று இருக்கிறதென்று அழுத்தி அழுத்தி வெளியேற்றினார்.

சாயங்காலம் மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. இவன் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல போவலாமா அண்ணே?"

"நாளைக்குக் காயணும். அப்புறம் கழுவித் தேய்ச்சுப் பெயிண்ட் அடிக்கணும். வெயில் பட்டா இது கெட்டுப்போவும்."

அவன் எழுந்து வந்து ஒட்டை நோக்கி விரலை நீட்டினான்.

"தொடாதே" என்றார் பெரியவர்.