ஆச்சி சொன்னதும் நான் எழுதியதும்

எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பம்பாய் தாராவியில் இருந்த சித்தப்பாவுக்கு மாதம் ஓர் இன்லண்டு லெட்டர் போகும். அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன். நான் 1980-இல் பிறந்தவன். கடிதத்தோடு வளர்ந்து, எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசி, செல்போனுக்கு வந்து சேர்ந்த செட்டு நாங்கள். அன்று ஆச்சிக்கு லெட்டர் எழுதியவன்தான் இன்று அம்மாவுக்கு ஜிபே போட்டுக் கொடுக்கிறேன்.

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம். எங்கள் வீடு மீனாட்சிபுரத்தில். தண்ணீர் வடிந்த மறுவாரம் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ராத்திரி ஆறு இரைந்தது, யார் வீட்டில் எத்தனையாவது படி வரை ஏறியது, மச்சுக்கு ஏற்றிய நெல், குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது... பேச்சு நீண்டுகொண்டே போனது. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் நாலே வரியில் முடித்துவிட்டேன்.

"நா சொன்னதெல்லாம் எழுதிட்டியால?"

"எழுதிட்டேன் ஆச்சி."

"எங்க, வாசிச்சுக் காட்டு."

லெட்டரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதையே நினைவிலிருந்து ஒப்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டவள், "அப்படித்தான்" என்று தலையாட்டினாள். பிறகு ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி, மடிப்பில் தேய்த்து, தன் கையாலேயே ஒட்டிக் கொடுத்தாள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மறுபடியும் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. இங்கே கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர். கரண்டும் இல்லை, டவரும் இல்லை. சென்னையில் படிக்கும் மகளுக்கு லைன் கிடைத்தபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. அழுது ஓய்ந்த பிறகு கேட்டாள்: "தொண்ணூத்திரெண்டுல நம்ம வீட்ல எதுவரைக்கும்ப்பா தண்ணி வந்துச்சு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சித்தப்பா காலமான பிறகு, அவர் சேர்த்து வைத்திருந்த கடிதங்களைச் சித்தி ஒரு தகர டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தாள். அந்த இன்லண்டும் அதில் இருந்தது. 'இங்கு அனைவரும் நலம். ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. பயப்பட வேண்டாம். பதில் போடவும்.' என் கையெழுத்துதான். ஆச்சி எதையெதையெல்லாம் பேசினாள் என்பது நினைவிருக்கிறது. என்ன சொன்னாள் என்பது போய்விட்டது. சித்தப்பாவுக்கும் அவள் குரல் போய்ச் சேரவில்லை. நான்தான் சேர விடவில்லை.

அம்மாவுக்கு இப்போது 72 வயது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். நோட்டில் அவள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன். சுருக்குவதில்லை. நேற்றோடு நாற்பத்தொரு பக்கம் ஆகியிருக்கிறது.