குளிரைத் தேடிப் போகும் ஹைட்ரஜன்

சிர்கோனியம் ஹைட்ரைடு செய்யக் கற்க வருபவர்களில் பலருக்குப் பொறுமைதான் முதலில் தீர்ந்துபோகும். புல்மோட்டையிலும் மணவாளக்குறிச்சியிலும் கடல் மணலோடு கிடக்கும் சிர்கானிலிருந்து எடுக்கும் உலோகம் சிர்கோனியம். வெற்றிடத்தில் 800 டிகிரிக்கு மேல் சூடேற்றி, ஹைட்ரஜனைச் சிறுகச் சிறுக விடவேண்டும். வாயு புகப் புக உலோகம் பருக்கும். முழுதும் ஹைட்ரைடாகும்போது கனஅளவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். ஓரம் பருத்து நடு பின்தங்கினால் கட்டி வெடித்துவிடும். ஆறவிடும்போதும் அதே நிதானம் வேண்டும். இலங்கையின் ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் கொழுந்து வாட்டிய என் தாத்தாவுக்கு இது சட்டென்று பிடிபட்டிருக்கும்: வாட்டம் போதாத இலையை ரோலரில் போட்டால் சுருளாது, நொறுங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? அணு உலையில் நியூட்ரானின் வேகத்தைத் தணிக்க ஹைட்ரஜனைப் போல் வேறொன்றில்லை. தண்ணீரில் இருப்பதைவிடச் சற்றே குறைவான ஹைட்ரஜனை, உயர் அழுத்தம் இல்லாமலே, 600 டிகிரியிலும் இந்தத் திண்மம் பிடித்துவைத்திருக்கும். 1965இல் விண்வெளிக்குப் போன அமெரிக்காவின் ஸ்னாப்-10ஏ அணு உலை இதை நம்பித்தான் 43 நாள் ஓடியது. டாக்காவுக்கு அருகே சாவரில் உள்ள ட்ரிகா உலையின் எரிபொருளே யுரேனியம் கலந்த சிர்கோனியம் ஹைட்ரைடு. எரிபொருள் சூடானால் அதிலுள்ள ஹைட்ரஜனின் அதிர்வும் கூடி, தணிய வந்த நியூட்ரானுக்கு வேகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். வேகமான நியூட்ரான் யுரேனியத்தை எளிதில் பிளக்காததால் தொடர்வினை தானே அடங்கும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இது.

ஆனால் இதே ஹைட்ரைடு அழையாமல் வந்தால் ஆபத்து. கனநீர் உலைகளின் சிர்கோனியக் குழாய் மெல்ல அரிபடும்போது பிரியும் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனில் ஒரு பங்கு குழாய்ச் சுவருக்குள் போய்விடும். கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் இடைவெளி காக்கும் வளையங்கள் நகர்ந்துவிட, சூடான அழுத்தக் குழாய் தொய்ந்து, வெளியே இருந்த குளிர்ந்த குழாயைத் தொட்டது. தொட்ட இடங்களில் ஹைட்ரைடு கொப்புளம் கொப்புளமாகத் திரண்டது. 1983 ஆகஸ்டு 1ஆம் தேதி ஒரு குழாய் ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. கல்பாக்கத்தின் இரு கனநீர் உலைகளிலும் அதே வகை உலோகக் கலவையாலான குழாய்கள்தான் இருந்தன. 2002 முதல் அவற்றைக் கழற்றி, ஹைட்ரஜனைக் குறைவாக உறிஞ்சும் சிர்கோனியம்–நியோபியக் குழாய்களைப் போட்டார்கள்.

நாமே விரும்பிச் செய்த கட்டிக்குள்ளும் ஹைட்ரஜன் சும்மா இருப்பதில்லை. சூடான பக்கத்தை விட்டுக் குளிர்ந்த பக்கம் நகரும். 700, 800 டிகிரியைத் தாண்டினால் வெளியேறவும் பார்க்கும். இட்ரியம் ஹைட்ரைடு இன்னும் அதிக வெப்பத்திலும் அதை விடாது. ஆனால் விலை கூடுதல், நியூட்ரானையும் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும். உலை வடிவமைப்பைக் கொண்டுவருபவர்களிடம் எந்த உலோகம் என்று நான் கேட்பதில்லை. கட்டிக்குள் எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் என்ற படத்தைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் அதைப் போட்டிருக்க மாட்டார்கள்.