கால்வாய்க்கரைப் பக்கம் ஓர் அறை

மார்ச் 16, 2025, ஞாயிறு

மாமா (என் மாமனார்) வெளியூர்ப் பயணத்துக்கு ஒத்துக்கொண்டார். "தறியைச் சும்மா போட்டுட்டு எங்கம்மா வர்றது?" என்றே இத்தனை வருஷம் தட்டிக்கழித்தவர். ஒரு பாவில் மூன்று புடவை. மூன்றாவதை அறுத்து நெசவாளர் சொசைட்டியில் கொடுத்துவிட்டு அடுத்த பாவு ஏற்றும்வரை கிடைக்கும் இடைவெளிதான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு லீவு. அந்த இடைவெளி இந்த முறை மே முதல் வாரத்தில் வருகிறது. என் பள்ளிக்கூடமும் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் அதற்குள் மூடிவிடும். வைகாசி கருட சேவைக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அத்தையின் ஒரே நிபந்தனை.

போகிற ஊர் பாங்காக். சிங்கப்பூர்தான் முதலில் பேச்சில் இருந்தது. காசுக் கணக்கு அதைத் தள்ளியது; தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு கொடுத்தது எங்களைப் பாங்காக் பக்கம் இழுத்தது. மாமாவை இழுத்தது வேறு. அங்கேயும் பட்டு நெய்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இனி அறை பார்க்க வேண்டும். அந்த வேலை என்னுடையது.

மார்ச் 22, சனி

டிராவல்ஸ்காரர் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார். பாங்காக்கில் இரண்டு இரவு, பட்டாயாவில் இரண்டு இரவு, பஸ், காலைச் சாப்பாடு. ஹோட்டல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று போட்டிருக்கிறது. இது எனக்குச் சரிப்படவில்லை. ஆறு பேர் போகிறோம். அதில் இரண்டு பேருக்கு முட்டி போய்விட்டது. மாமா குழித்தறியில் காலை விட்டு மிதித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கரையைக் கோத்து நெய்யும் கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுத்தவர் அத்தை. இவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எந்தத் தெரு என்றே தெரியாத இடத்தில் இறக்கிவிட முடியாது.

டிராவல்ஸ்காரர் சொல்லும் ஹோட்டல்கள் பெரும்பாலும் பிரதுநாம் பக்கம். நம் ஊர்க் குழுக்கள் அங்கேதான் தங்குகின்றன. மொத்தத் துணிச் சந்தையும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கே உண்டு. கடைக்குச் சரக்கு வாங்கப் போகிறவர்களுக்கு அது நல்ல இடம். சுகும்வித் சாலையில் மலிவாகத் தெரிந்த சிலவற்றை வரைபடத்தில் பார்த்தால் நானா பக்கம் இருக்கின்றன. இரவு விடுதிகளுக்குப் பேர்போன இடம். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணோடு ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வழியாக நடந்து அறைக்குத் திரும்ப நான் விரும்பவில்லை. சீலோம் சாலையின் ஒரு முனையில் பத்போங் இருக்கிறது, அதுவும் அப்படித்தான். அதே சாலையின் மறுபக்கம் போனால் மாரியம்மன் கோயில்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. நவராத்திரிக்கு அந்தச் சாலை முழுக்கத் தாய்லாந்து மக்கள் கூடுகிறார்கள். ஹோட்டலின் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

அத்தையிடம் மாரியம்மன் கோயிலைப் பற்றிச் சொன்னேன். "ஹோட்டல்லேருந்து நானே நடந்து போயிட்டு வந்துட முடியுமா?" என்றார்.

இந்தக் கேள்வியை வைத்துத்தான் தேட வேண்டும் என்று தோன்றுகிறது. இங்கே விடியற்காலையில் யாரையும் எழுப்பாமல் கிளம்பிப் போய் சாமி கும்பிட்டு, பூ வாங்கி, பால்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறவர் அவர். வெளியூரில் அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, நாங்கள் எழுந்து குளித்துக் கிளம்பும்வரை காத்திருக்கச் சொன்னால் அது அவருக்கு விடுமுறையா?

மார்ச் 28, வெள்ளி

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மியான்மரில் 7.7 அளவுக்கு நிலநடுக்கம். அங்கே மாண்டலே பக்கம் நேர்ந்த சாவைப் பார்க்கவே முடியவில்லை. அத்தனை தூரம் தள்ளியிருக்கும் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டடம் அப்படியே சரிந்துவிட்டது. உள்ளே வேலை செய்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வானளாவிய கட்டடங்களின் மாடியிலிருந்த நீச்சல் குளத்துத் தண்ணீர் அருவியாக வெளியே கொட்டுகிற வீடியோ வீட்டில் எல்லோர் கையிலும் வந்துவிட்டது.

அத்தை ஒன்றும் பேசவில்லை. விளக்கேற்றிவிட்டு வந்து, "பாவம், கூலிக்குப் போன ஜனங்க" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

போவதா வேண்டாமா என்று மூன்று ராத்திரி பேசியாயிற்று. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், மாமா போகலாம் என்றார். நான் படித்தவரை புரிந்தது இது. பாங்காக் நிற்பது மெத்தென்ற களிமண் மேல். தூரத்தில் பிறக்கும் மெதுவான அதிர்வை அந்த மண் பெரிதாக்கிவிடும், அந்த அதிர்வில் அதிகம் ஆடுவது உயரமான கட்டடங்கள். மாநகராட்சி, உயரக் கட்டடங்களின் சொந்தக்காரர்களைக் கட்டடத்தைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறது. ரயில் ஓடுகிறது, ஊர் நடக்கிறது.

போகலாம், ஆனால் ஐந்தாறு மாடிக்குமேல் இல்லாத கட்டடம் என்று முடிவு. முப்பதாவது மாடியிலிருந்து ஊர் விளக்கைப் பார்க்கும் ஆசை மகனுக்கு இருந்தது. அவனுக்கு ஆற்றில் படகு என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

என் ஒன்றுவிட்ட தம்பி, ஹோட்டலே வேண்டாம், ஒரு ஃபிளாட்டை நாலு நாளைக்கு எடுத்தால் சமைத்துக்கொள்ளலாம் என்றான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாய்லாந்தின் 2004ஆம் வருஷத்து ஹோட்டல் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டை நாள் வாடகைக்கு விடக்கூடாது. பல அடுக்குமாடிகளில் வாசலிலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம். வயதானவர்களை வைத்துக்கொண்டு காவலாளியிடம் ஒளிந்து ஒளிந்து நுழைவது நமக்கு ஆகாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று கிடைத்ததை எழுதாமல் தூங்க முடியாது.

மாமாவுக்காகப் பட்டு நெசவைத் தேடியபோது பான் க்ருவா என்கிற பெயர் வந்தது. நகரத்தின் நடுவில், சேன்செப் கால்வாய்க் கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு. சம்பா வம்சத்து முஸ்லிம்கள். முதலாம் ராமா மன்னருக்காகப் போரிட்டதால் அவர்களுக்கு அந்த நிலம் கிடைத்தது என்பார்கள். பட்டு நெய்வது அவர்கள் தொழில். இரண்டாம் உலகப் போர் முடிந்து பாங்காக்கில் தங்கிவிட்ட ஜிம் தாம்ஸன் என்கிற அமெரிக்கர் இந்த நெசவாளர்களைத்தான் தேடிப் பிடித்தார். ஆலைத்துணிக்கு முன் நிற்க முடியாமல் தறிகள் ஓய்ந்துகொண்டிருந்த காலம். அவர் கெட்டிச் சாயமும் வெளிநாட்டு வாடிக்கையாளரும் கொண்டுவந்தார். 1959இல் பழைய தேக்கு வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, கால்வாய்க்கு இந்தப் பக்கம் தனக்கொரு வீடு கட்டினார், எதிர்க்கரையில் தறிகள். 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை, என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. நெசவு பிற்பாடு கொராட் பக்கம் பாக் தோங் சாய்க்குப் பெயர்ந்துவிட்டது. பான் க்ருவாவில் இப்போது ஒரு சில தறிகள்தான் மிச்சம். இடையில் அந்தக் குடியிருப்பின் மேலாக விரைவுச்சாலை போடத் திட்டம் வந்தபோது ஜனங்கள் வருஷக்கணக்காக எதிர்த்து நின்று தெருவைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுகிற வீடுகள் எத்தனை குறைந்துவிட்டன என்பது அவருக்குத்தான் தெரியும்.

"அந்தக் கால்வாய்க்குப் பக்கத்துல அறை கிடைக்குமா?"

வரைபடத்தைத் திறந்தேன். அருங்காட்சியகம் இருப்பது காசெம்சான் இரண்டாம் சோயில். சோய் என்றால் அவர்கள் ஊரில் சந்து. பக்கத்துச் சந்தில் பழைய, உயரம் குறைந்த ஹோட்டல்களும் விருந்தினர் இல்லங்களும் வரிசையாக இருக்கின்றன. சந்து முனையில் நேஷனல் ஸ்டேடியம் ரயில் நிலையம். அங்கிருந்து புறப்படும் அதே வண்டி, மாறாமல், சீலோம் பக்கம் போகிறது. சூரசாக்கில் இறங்கினால் மாரியம்மன் கோயில் நடக்கிற தூரம். அடுத்த நிலையமான சாஃபான் தாக்சினில் ஆற்றுப் படகு. அதில் ஏறினால் அரண்மனை. அரண்மனை வளாகத்திலேயே 2012இல் திறந்த சிரிகித் ராணி துணி அருங்காட்சியகம். இந்தப் பக்கம் கால்வாய்ப் படகில் பான்ஃபா துறைக்குப் போனால், பெரிய ஊஞ்சல் கம்பத்துக்கு அருகே 1784இல் கட்டிய தேவஸ்தானம் என்கிற கோயில். மார்கழி–தையை ஒட்டி அங்கே ராஜசபைப் பிராமணர்கள் நடத்தும் சடங்கில் திருவெம்பாவை ஓதப்படுகிறது. ஊஞ்சல் ஆடுவது 1935லேயே நின்றுவிட்டது, ஓதுவது நிற்கவில்லை. மாணிக்கவாசகரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எந்தக் கப்பலோ!

நாங்கள் போக நினைத்த இடங்கள் எல்லாம் இந்த ஒரே சந்திலிருந்து பிரிகின்றன. இனி வேறு பேட்டை பார்க்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். ஊர் நிறைய வெளியூர் ஜனம். தேரடிப் பக்கம் ஒரு குடும்பம் லாட்ஜ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது: தண்ணீர் எப்போதும் வருமா, கீழ்த்தளத்தில் அறை உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு. 2019இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்து 48 நாள் தரிசனம் கொடுத்தபோது எங்கள் திண்ணையிலும் கூடத்திலும் எத்தனையோ பேர் படுத்து எழுந்தார்கள். அவர்கள் கேட்டதும் இதேதான். அந்த நாட்களில் இந்த ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், அலைந்து களைத்து வருகிற மனுஷருக்கு என்ன வேண்டும் என்று.

அந்தக் கேள்விகளையே நானும் அனுப்பினேன். சந்திலுள்ள மூன்று ஹோட்டல்களுக்கு ஒரே கடிதம். குளியலறையில் தொட்டி இருக்கிறதா, சமதரையா? (தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க அத்தையால் முடியாது.) லிஃப்ட் உண்டா, அதற்கு முன் படிகள் உண்டா? நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டடத்தைப் பொறியாளர் பார்த்தாரா? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? இரண்டு அறையும் ஒரே மாடியில், அடுத்தடுத்துக் கிடைக்குமா? கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் உண்டா என்றும் கேட்கச் சொன்னார் அத்தை. தாய்லாந்தில் கைக்குழாய் எங்கும் இருக்கிறது என்று தெரிந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, வடை. தாய்லாந்திலும் இன்று வருஷப் பிறப்புதான், சொங்க்ரான். ஊரே தண்ணீர் ஊற்றி விளையாடுகிறது. இந்த வாரத்து அறை விலைக்கும் நாங்கள் போகிற வாரத்து விலைக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்தபோது தறி சரியான சமயத்தில்தான் காலியாகிறது என்று மாமா சந்தோஷப்பட்டார்.

மூன்று கடிதத்தில் இரண்டுக்குப் பதில். ஒன்று அழகான வார்த்தைகளாக இருந்தது, கேட்ட எதற்கும் விடை இல்லை. இன்னொன்று இரண்டே பத்தி: சமதரைக் குளியல், லிஃப்டுக்கு முன் மூன்று படி, பொறியாளர் பார்த்துவிட்டார், கட்டடம் ஐந்து மாடி, உங்களுக்கு இரண்டாவது மாடி. குறையையும் சேர்த்துச் சொன்ன அந்த மூன்று படிக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது.

விலையில் ஒரு விஷயம். சில ஹோட்டல்கள் 2,000 பாட் என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி வைக்கின்றன. பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் ஏழு சதவீத வரி; கையிலிருந்து போவது 2,354. ஒரு பாட் நம் காசில் ஏறத்தாழ இரண்டரை ரூபாய். மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லிக் கேட்ட பிறகுதான் இரண்டு ஹோட்டலை ஒப்பிட முடிந்தது.

ஏப்ரல் 19, சனி

போட்டுவிட்டேன். இரண்டு அறை. ஒன்றில் தாத்தா, ஆயாவோடு பெண். இன்னொன்றில் நாங்கள் மூன்று பேர். நாள் நெருங்கும்வரை ரத்து செய்ய இடமிருக்கிற கட்டணத்தையே எடுத்தேன், கொஞ்சம் கூடுதலானாலும். பெரியவர்களை வைத்துக்கொண்டு போகும்போது அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை.

இன்னொரு செலவுக்கு என் வீட்டுக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. சென்னையிலிருந்து விமானம் மே 1 ராத்திரி. அங்கே இறங்குவது வெள்ளி விடியலில். அறை கிடைப்பது மத்தியானம் இரண்டு மணிக்கு. பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றலாம் என்பார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து வந்த முட்டிகளோடு எங்கே சுற்றுவது? பெரியவர்கள் அறைக்கு மட்டும் முந்தின இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். இறங்கியதும் அவர்கள் குளித்துப் படுக்கலாம். பிள்ளைகளும் அங்கேயே சுருண்டுகொள்ளும். எங்கள் அறை இரண்டு மணிக்கு வந்தால் போதும். கணக்கைச் சொன்னதும் அவரும் சரி என்றார்.

சாப்பாட்டுக்கு, மீன் சாறு சேராத சைவம் கிடைப்பதைக் காட்டும் மஞ்சள் கொடியைப் பெண் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அறையில் கெட்டில் உண்டு. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் அத்தையின் பொறுப்பு. மே 1 முதல் தாய்லாந்துக்குள் வருகிறவர்கள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். காசு கிடையாது. ஆறு பேருக்கும் நானே உட்கார்ந்து நிரப்பிவிடுவேன்.

சாயங்காலம் அத்தையிடம் சந்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஹோட்டல் வாசல், வலதுகைப் பக்கம் திரும்பினால் சந்து முனை, ரயில் படி, இடதுகைப் பக்கம் கால்வாய். மாரியம்மன் கோயிலுக்குத் தனியாக ரயிலேறிப் போக வேண்டாம், கால்வாய்வரை விடிகாலையில் தனியாக நடக்கலாம் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார். கோயிலுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லோரும் போக வேண்டுமாம். மாமா சனிக்கிழமை காலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், எதிர்க்கரைக்கு. கோர்வை போட்ட கரைத்துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்கிறார். மூன்று நாடாவில் நெய்வதை வாயால் சொன்னால் அவர்களுக்கு விளங்காது, துணியைத் திருப்பிப் பார்த்தால் நெசவுக்காரனுக்கு விளங்கிவிடும் என்கிறார். அங்கே பேச்சுக்கு யாரைப் பிடிப்பது என்று ஹோட்டல்காரர்களுக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டும். நாளை ஞாயிறு, காலையிலேயே எழுதிவிடுகிறேன்.