கை நடுக்கமும் புத்தித் தெளிவும்

முதியவர் ஒருவரின் கை நடுங்கத் தொடங்கியதும் அவருடைய புத்தியும் தளர்ந்துவிட்டதென்று முடிவுகட்டுவோர் நம்மிடையே பலர். வீட்டுக் கணக்கும் காசோலைப் புத்தகமும் விரைவிலேயே அவர் கையை விட்டுப் போய்விடுகின்றன. 1817ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதிய இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பாக்கின்சனோ, புலன்களுக்கும் அறிவுக்கும் ஊறு நேர்வதில்லை என்றே குறித்தார். அவர் விவரித்தது அறுவரைத்தான். அவருட் சிலரை வீதியிற் கண்டதோடு சரி. அக்கூற்று முற்றும் பொருந்தாதென்பது பிற்காலத்திற் புலனாயிற்று. பாக்கின்சன் நோயாளர் பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல நினைவும் சிந்தனையும் தளர்வதுண்டு.

இலண்டனில் வாழும் என் மூத்த தமையனாருக்கு எழுபதாவது வயதில் வலது கை நடுங்கலாயிற்று. நடையும் மெதுவாயிற்று. பாக்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரைகள் கொடுத்தனர். பின்னர் அவர் பேரப்பிள்ளைகளின் பெயர்களையே மாற்றி அழைக்கத் தொடங்கினார். “நோய் மூளைக்கு ஏறிவிட்டது” என்று அண்ணியார் தொலைபேசியில் அழுதார். இரண்டு ஆண்டுகளின் பின் வேறொரு நிபுணர், விசேடமான மூளைப் படமொன்று எடுக்கச் செய்தார்.

அப்படத்தின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். இந்நோயாளரின் மூளையில் டோபமீன் என்னும் இரசாயனம் மிகக் குறைந்திருப்பதை 1960இல் வியன்னா நகரில் எரிங்கர், ஹோர்னிகீவிச் என்னும் இருவர் வெளிப்படுத்தினர். இப்போது, கதிர்வீசும் அயடீன் சேர்ந்த மருந்தொன்றைக் குருதிக் குழாயிற் செலுத்திச் சில மணி நேரம் சென்றபின் படம் எடுக்கின்றனர். டோபமீன் நரம்பு நுனிகளில் அம்மருந்து சென்று பற்றிக்கொள்ளும். நுனிகள் நலமாயிருப்பின் இரண்டு காற்புள்ளிகள் போன்ற ஒளி தோன்றும். அவை அழிந்திருப்பின் வால் மறைந்து முற்றுப்புள்ளிகளே எஞ்சும்.

அண்ணரின் படத்திற் காற்புள்ளிகள் இரண்டும் குறைவின்றி இருந்தன! இப்படிப்பட்டவர் அவர் ஒருவரே அல்லர். 2014இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், பாக்கின்சன் நோயின் தொடக்க நிலையினர் எனக் கருதப்பட்ட 799 பேருள் 91 பேருக்குப் படம் பழுதின்றி இருந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளின் பின் எடுத்த படங்களிலும் அவர்களிடம் மாற்றம் மிகச் சொற்பமே. இத்தகையோரைச் ‘சுவெட்’ என்று வைத்தியர் வழங்குவர். அஃது ஒரு நோயின் பெயரன்று. தசை முறுக்கினால் வரும் நடுக்கம், பரம்பரை நடுக்கம், தலைச்சுற்றுக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளால் நேரும் நடுக்கம் எனப் பலவும் அப்பெயருள் அடங்கும்.

படம் நன்று என்றதும் உறவினர் சிலர் மகிழ்ந்தனர். வேறு சிலர், அப்படியானால் இத்தனை நாளும் நடித்தாரோ என்று முணுமுணுத்தனர். இப்பேச்சு நோயினும் கொடியது. நடுக்கமும் மறதியும் கண்முன்னே இருந்தனவே! அப்படம் காட்டுவது அசைவை ஆளும் ஒரு பகுதியை மட்டுமே. நினைவைப் பற்றி அது தீர்ப்புச் சொல்வதில்லை. அல்சைமர் நோயாளருக்கும் இதே படம் பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். ஆகவே, புத்தியைத் தனியே சோதித்தல் வேண்டும். மனச்சோர்வு, தூக்கமின்மை, தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு ஆகியனவும் மறதியை விளைவிக்கும். அவற்றுக்குப் பரிகாரம் உண்டு.

அந்த நிபுணர் அண்ணரின் மாத்திரைகள் யாவற்றையும் மேசைமேற் பரப்பச் சொன்னார். அவற்றுள் ஒன்று நடுக்கத்தைத் தணிக்கத் தந்த திரைஹெக்சிபெனிடில். நினைவுக்கு வேண்டிய அசற்றைல்கோலின் என்னும் மற்றோர் இரசாயனத்தின் வேலையை அது தடுப்பது. முதியோரிடம் மறதியையும் மனமயக்கத்தையும் உண்டாக்கவல்லது. இல்லாத நோயின் பெயரால் அதனை இரண்டு ஆண்டுகள் விழுங்கியிருக்கிறார். திடீரென நிறுத்துவது தீங்காகையால் வைத்தியரே படிப்படியாகக் குறைத்தார். (வாசகர் எவரும் இதைத் தாமாகச் செய்யலாகாது.)

நினைவுச் சோதனையைத் தமிழ் அறிந்த ஒருவரைக் கொண்டு நடத்தும்படி மருமகள் வற்புறுத்தியதும் நன்றாயிற்று. ஒரு நிமிடத்துள் இத்தனை ஆங்கிலச் சொற்கள் சொல் என்றால், வாய்ப்பாட்டைத் தமிழில் மனனம் செய்த தலைமுறை திணறாதா?

மூன்று மாதங்களின் பின் அவர் என்னுடன் தொலைபேசியில் பேசினார். கை இன்னும் நடுங்குகிறதாம். சேலையின் விலையைத் தவறாகக் கூட்டிய கடைக்காரனைத் திருத்தினாராம். காசோலைப் புத்தகத்தை மகனிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டார். கையெழுத்துக் கோணலாய் இருப்பதால், புதிய மாதிரிக் கையெழுத்தொன்று வைக்க வங்கிக்குப் போகிறார்.