விரிந்த வட்டு

எங்கள் துறையின் நாட்டார் பாடல் ஒலிப்பதிவுகளுக்கு நாள்தோறும் காப்புப்பிரதி எடுத்துவந்த மெய்நிகர்க் கணினி, வட்டு நிறைந்து நின்றுபோயிற்று. பொறுப்பேற்றிருந்த நான் பதினொரு நாட்களாக அதனைக் கவனிக்கவில்லை. அந்நாட்களிற் பதிந்த மூதாட்டி ஒருவரின் ஒப்பாரிக்கு ஒரேயொரு பிரதியே இருந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள், வேறெங்கும் படியில்லாதவை மீளவேயில்லை என்பது என் நெஞ்சில் உறைத்தது.

500 ஜிகாபைற் வட்டினை 1000 ஆக்கினேன். உள்ளே 500 என்றே காட்டிற்று. வட்டினைப் பெருப்பித்தல் காணி வாங்குவதை ஒக்கும். பகிர்வின் எல்லையை வேலிபோல் அப்பால் நகர்த்தி, கோப்பு முறைமையையும் விரித்த பின்னரே அங்கு குடியேறலாம். அவ்வாறே செய்து, புதிய பிரதியிலிருந்து அவ்வொப்பாரியை மீட்டெடுத்துக் கேட்டேன். குரல் பழுதின்றி ஒலித்தது.